ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வாய்த்தால் எந்த பேஸ்பால் அரங்கம்? ஐந்து அரங்கங்களின் ஒப்பீடு

வேலைக்காகவோ படிப்புக்காகவோ, அங்கே குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கவோ அமெரிக்காவுக்குச் செல்பவர்கள் கோடைக்காலத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரே ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், எந்த அரங்கத்துக்குப் போவது? முப்பது அணிகள் இருக்கின்றன. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதி வரை ஒவ்வொன்றும் தன் சொந்த ஊரில் 81 ஆட்டங்கள் ஆடுகிறது. டிக்கெட் கிடைப்பது பெரும்பாலும் சிக்கலே இல்லை. எங்கே உட்கார்ந்து பார்த்தால் இந்த விளையாட்டின் மீது ஓர் அமெரிக்க ஊருக்கு இருக்கும் பற்றுதல் நமக்கும் கொஞ்சம் புரியும் என்பதே சிக்கல்.

பாஸ்டனின் ஃபென்வே பார்க், சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு, பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ், பிட்ஸ்பர்க்கின் பிஎன்சி பார்க், சான் பிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க் ஆகிய ஐந்தை இங்கே எடைபோடுகிறேன். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்பதற்குப் பின்னால் தனியாக விடை சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் நெருக்கம். பேஸ்பாலின் பெரும்பகுதி, பந்து வீசும் பிட்சருக்கும் அதை அடிக்கும் பேட்டருக்கும் இடையிலுள்ள 60 அடி 6 அங்குலத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. பந்து வளைந்ததா, கடைசி நேரத்தில் தாழ்ந்ததா, பேட்டர் ஏமாந்தாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இருக்கை விலகிப் போகப் போக அந்த நுட்பம் மறைந்து, பந்து வேலியைத் தாண்டிப் பறக்கும் ஹோம் ரன்னின்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கும் விளையாட்டாக அது சுருங்கிவிடும். பழைய அரங்கங்கள் நெருக்கமாக இருப்பதற்குக் கட்டுமானக் காரணம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மேல்தளத்தைத் தாங்கும் எஃகுத் தூண்களைக் கீழ்த்தள இருக்கைகளுக்கு நடுவிலேயே நட்டார்கள். அதனால் மேல்தளத்தை மைதானத்தை நோக்கி முன்னே தள்ளிக் கட்ட முடிந்தது. தூண் மறைக்கிறது என்ற புகாரைத் தீர்ப்பதற்காகப் பிற்காலத்தில் பின்னாலிருந்தே தாங்கும் தளங்களை அமைத்தபோது, தூண்களோடு சேர்ந்து மேல்தளமும் பின்னுக்குப் போயிற்று. நடுவில் வசதி படைத்தவர்களுக்கான தனியறை வரிசைகளைச் செருகியபோது அது இன்னும் உயரே போயிற்று. தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொள்பவர் சில நூறு பேர் என்றால், அந்தத் தூண்களால் பந்தை அருகிலிருந்து பார்ப்பவர்கள் பல்லாயிரம் பேர்.

இரண்டாவது, களத்தின் வடிவம். பேட்டர் ஓடிக் கடக்கும் நிலைகளான பேஸ்களுக்கு இடையிலான 90 அடி எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் வெளிவேலி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அரங்கத்துக்கு அரங்கம் மாறும்; ஓர் ஊரில் ஹோம் ரன் ஆகும் அடி இன்னோர் ஊரில் எளிதான கேட்ச் ஆகிவிடும். அந்த வேறுபாடு ஒரு தெருவாலோ ஆற்றாலோ உண்மையாகவே திணிக்கப்பட்டதா, அல்லது அலங்காரத்துக்காக வரைபடத்தில் சேர்க்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஊரோடு உள்ள ஒட்டுதல். 1960களிலும் 70களிலும் அமெரிக்க நகரங்கள் பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் பொதுவான வட்ட வடிவக் கான்கிரீட் அரங்கங்களைக் கட்டின. பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ் என எங்கே போனாலும் ஒரே தோற்றம். இருக்கைகள் பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டை நோக்காமல் மைதானத்தின் நடுவை நோக்கியிருக்கும். சுற்றிலும் சுவர் என்பதால் உள்ளே நுழைந்தபின் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாது. இன்று நாம் நல்ல அரங்கம் என்று சொல்பவற்றில் பாதி, அந்தத் தவற்றைத் திருத்தப் பிறந்தவை.

நான்காவது, கூட்டம்: எவ்வளவு பேர் வருகிறார்கள், ஆட்டத்தை எவ்வளவு கவனித்துப் பார்க்கிறார்கள். ஐந்தாவது, செலவு. டிக்கெட்டில் அச்சிட்ட விலையை மட்டும் சொல்லவில்லை; பயணம், வாகன நிறுத்தம், குளிர், மழை, கழுத்து வலி எல்லாமே இதில் சேரும்.

| அரங்கம் | திறப்பு | ஏறத்தாழ இருக்கைகள் | ஆட்டத்தை மாற்றும் தனித்தன்மை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஃபென்வே பார்க் | 1912 | 37,700 | 37 அடி உயரப் பச்சைச் சுவர் | அதிக விலை, தூண்கள், குறுகிய இருக்கை |
| ரிக்லி ஃபீல்டு | 1914 | 41,600 | ஏரிக்காற்று, கொடி படர்ந்த சுவர் | அதிக விலை, வசந்தகாலக் குளிர் |
| கேம்டன் யார்ட்ஸ் | 1992 | 45,000 | பழைய ரயில்வே கிடங்கு | அணி சோர்ந்தால் வெறிச்சோடும் |
| பிஎன்சி பார்க் | 2001 | 38,700 | ஆறும் பாலமும் | பயணச் செலவு, பலமிழந்த அணி |
| ஆரக்கிள் பார்க் | 2000 | 41,000 | வலப்புறக் கடல்நீர் | இரவுக் குளிர், விடுதிக் கட்டணம் |

## ஃபென்வே பார்க், பாஸ்டன்

டைட்டானிக் மூழ்கிய ஐந்தாம் நாள், 1912 ஏப்ரல் 20 அன்று, இந்த அரங்கத்தில் முதல் அதிகாரபூர்வ ஆட்டம் நடந்தது. அந்த வாரச் செய்தித்தாள்களில் அதற்கு அதிக இடம் கிடைக்காததில் வியப்பில்லை. பெரிய லீகில், அதாவது அந்த முப்பது அணிகளின் உயர்மட்டத் தொடரில், இன்றும் ஆட்டம் நடக்கும் அரங்கங்களில் இதுவே மிகப் பழையது.

இடப்புறத்தில் வேலிக்கு அப்பால் உடனே லான்ஸ்டவுன் தெரு ஓடுகிறது. களத்தை அந்தப் பக்கம் நீட்ட இடமில்லை; ஹோம் பிளேட்டிலிருந்து சுவர் வரை 310 அடிதான். தூரத்தில் குறைந்ததை உயரத்தில் ஈடுகட்ட எழுந்ததே 37 அடி 2 அங்குல உயரச் சுவர். பசுமை அரக்கன் என்று ரசிகர்கள் அழைக்கும் அந்தச் சுவர் 1947-இல்தான் பச்சை நிறம் பெற்றது. அதற்கு முன் அதில் விளம்பரங்கள் இருந்தன. ஆட்டத்தை அது உண்மையாகவே மாற்றுகிறது. வேறு ஊரில் நேராகப் பறந்து ஹோம் ரன் ஆகியிருக்கக்கூடிய வேகமான தாழ்ந்த அடி, இங்கே சுவரில் மோதித் திரும்பி வந்து பேட்டரை முதல் பேஸிலோ இரண்டாவது பேஸிலோ நிறுத்திவிடும். வேறு ஊரில் சாதாரண கேட்ச் ஆகியிருக்கும் உயரமான அடி, இங்கே சுவரின் விளிம்பை உரசிவிட்டுப் போகும். பந்து எந்தக் கோணத்தில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று படித்துக்கொள்வது இடப்புற ஃபீல்டரின் தனி வித்தை. டெட் வில்லியம்ஸும் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியும் பல ஆண்டுகள் அந்த இடத்தில் நின்றவர்கள்.

சுவரின் அடியில் ஸ்கோர் பலகை இருக்கிறது. அதன் உள்ளே ஆட்கள் உட்கார்ந்து எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார்கள். பலகையின் வெள்ளைக் கோடுகளில் முன்னாள் உரிமையாளர் டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன் ஆகியோரின் பெயர் முதலெழுத்துகள் மோர்ஸ் குறியீடாக எழுதப்பட்டிருக்கின்றன; அருகில் இருப்பவர்கள் புள்ளியையும் கோட்டையும் எண்ணிப் பார்க்கலாம். அதே யாக்கியின் காலத்தில்தான், கறுப்பின வீரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்ட கடைசி அணியாக 1959 வரை பாஸ்டனின் ரெட் சாக்ஸ் இழுத்தடித்தது. அவர் பெயரைத் தாங்கிய வாசல் தெரு 2018-இல் மீண்டும் ஜெர்சி தெரு ஆனது. அரங்கத்தின் பழமையை மட்டும் ரசித்து இந்த வரலாற்றை விட்டுவிடுவது நியாயமாகாது.

வலப்புறத் திறந்த கேலரியில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே சிவப்பாக ஒரே ஓர் இருக்கை உண்டு: பகுதி 42, வரிசை 37, எண் 21. 1946 ஜூன் 9 அன்று வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரின் வைக்கோல் தொப்பியில் விழுந்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்து ஹோம் பிளேட்டைப் பார்த்தால், அவ்வளவு தூரம் ஒரு பந்து வர முடியுமா என்ற ஐயம்தான் முதலில் வரும்.

இனி குறைகள். ஒன்று, தூண்கள். மூடிய கேலரியில் டிக்கெட் வாங்கும்போது பார்வை மறைக்கும் இருக்கை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டிவிட்டால், பிட்சரைப் பார்க்காமலே ஒன்பது இன்னிங்ஸையும் கடக்க நேரலாம். இரண்டு, மூடிய கேலரியின் நீல மர இருக்கைகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய உடலளவுக்குச் செய்யப்பட்டவை. முழங்கால் முன்வரிசையில் இடிக்கும். மூன்று, வலப்புறத்தின் பல பகுதிகளில் இருக்கை ஹோம் பிளேட்டை நோக்காமல் களத்தின் நடுவை நோக்குகிறது. இடப்பக்கம் திரும்பியபடியே மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். நான்கு, விலை. 2003 முதல் 2013 வரை ஒரு டிக்கெட் கூட மிச்சமில்லாமல் தொடர்ந்து விற்றுத் தீர்ந்த அரங்கம் இது. பரம எதிரிகளான நியூயார்க் யாங்கீஸ் வரும் நாளில் விலை இன்னும் ஏறும்.

இதைத் தேர்வதற்கு உரிய நிலை: பேஸ்பாலின் நினைவை ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும், உடல் வசதியைப் பற்றிக் கவலையில்லை, காரில் வரப்போவதில்லை. கென்மோர் நிலையத்தில் இறங்கி நடந்து வந்தால் போதும். அங்கே காரை நிறுத்த இடம் தேடுபவர் டிக்கெட்டுக்கு இணையான தொகையைச் செலவழித்துவிட வாய்ப்புண்டு.

## ரிக்லி ஃபீல்டு, சிகாகோ

குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் அரங்கம் இது. வேவ்லண்ட், ஷெஃபீல்டு சாலைகளில் எதிர்வரிசை வீடுகளின் மொட்டைமாடிகளில் கேலரி அமைத்து அங்கிருந்தும் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். வேலியைத் தாண்டி விழும் பந்துக்காக வேவ்லண்ட் சாலையில் கையுறையோடு காத்திருப்பவர்களும் உண்டு. 1914-இல் வேறோர் அணிக்காகக் கட்டப்பட்டு, 1916 முதல் கப்ஸ் அணியின் வீடானது. 1937-இல் அணி நிர்வாகத்தைச் சேர்ந்த பில் வெக் வெளிச்சுவரில் நட்ட கொடிகள் இன்று செங்கல்லை முழுவதும் மூடியிருக்கின்றன. பந்து அந்தக் கொடிக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டுவார். நடுவர் ஒப்புக்கொண்டால் பேட்டருக்கு இரண்டு பேஸ்கள் கிடைக்கும். கையை உயர்த்தாமல் பந்தைத் தேடத் தொடங்கினால் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும் என்பதால், அந்த ஒரு நொடி முடிவில் அனுபவம் தெரியும்.

இங்கே உண்மையான தலைவர் காற்று. மிச்சிகன் ஏரியிலிருந்து உள்ளே வீசும் நாளில் நன்றாக அடித்த பந்துகூட வேலிக்கு முன் இறங்கிவிடும். வெளியே வீசும் நாளில் எதுவும் நடக்கலாம். 1979 மே 17 அன்று காற்று வெளியே வீச, பிலடெல்பியா 23, கப்ஸ் 22 என்று பத்து இன்னிங்ஸில் ஓர் ஆட்டம் முடிந்தது. ஸ்கோர் பலகையின் மேலுள்ள கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டு உட்கார்வது உள்ளூர் வழக்கம்.

1988 ஆகஸ்டு வரை இங்கே விளக்கே கிடையாது. எல்லா ஆட்டமும் பகலில்தான். முதல் இரவு ஆட்டமாக ஆகஸ்டு 8 அன்று தொடங்கியது மழையால் பாதியில் நின்றது. இன்றும் மற்ற ஊர்களைவிட இங்கே பகல் ஆட்டங்கள் அதிகம். வெயிலில் திறந்த கேலரியில் உட்கார்ந்து பார்ப்பதுதான் ரிக்லியின் அசல் சுவை. அந்தக் கேலரியில் இருக்கை எண் கிடையாது, முன்னே வருபவருக்கு முன்வரிசை. எதிரணி அடித்த ஹோம் ரன் பந்தை யாராவது பிடித்தால், அதை மைதானத்துக்குள் திருப்பி எறியும்வரை சுற்றியிருப்பவர்கள் விடமாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் வெற்றியா தோல்வியா என்று மேலே கொடி ஏறும். மேம்பால ரயிலில் போகிறவர்களுக்குச் செய்தி சொல்லத் தொடங்கிய பழக்கம் அது. 1908-க்குப் பின் 2016 வரை ஒரு கோப்பை கூட வெல்லாத அணியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்க வந்த ஊர் என்பதால், இங்கே கூட்டத்தின் அளவு வெற்றியை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கோடையில் வரும் கூட்டத்தில் சுற்றுலாப் பயணிகளும் பீருக்காக வருபவர்களும் கணிசம், ஆட்டத்தின் முக்கியமான பந்தில் பக்கத்தில் இருப்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதைத் தேர்வதற்கு உரிய நிலை: ஜூன் முதல் செப்டம்பருக்குள், பகல் ஆட்டத்துக்கு, நண்பர்களோடு. ஏப்ரலில் போனால் கொடிகள் இலையில்லாமல் காய்ந்த குச்சிகளாகத்தான் இருக்கும், ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும். படத்தில் பார்த்த பச்சைச் சுவரை எதிர்பார்த்து வருபவருக்கு ஏமாற்றம் உறுதி. ரெட் லைன் ரயிலில் அடிசன் நிலையம் அரங்கத்தின் வாசல் மாதிரி.

## கேம்டன் யார்ட்ஸ், பால்டிமோர்

1992 ஏப்ரல் 6 அன்று திறந்த இந்த அரங்கம்தான் வட்டக் கான்கிரீட் யுகத்தை முடித்துவைத்தது. நகரத்தின் நடுவில், பேஸ்பாலுக்கு மட்டுமாக, எஃகும் செங்கல்லுமாகக் கட்ட வேண்டும் என்று அணி நிர்வாகம் பிடிவாதம் பிடித்தது. திட்டத்தை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் ஜேனட் மேரி ஸ்மித். வலப்புறத்தில் 1,016 அடி நீளமுள்ள பழைய ரயில்வே சரக்குக் கிடங்கு நின்றது. அதை இடிக்காமல் அரங்கத்தின் பின்புலமாக வைத்துக்கொண்டதுதான் அவர்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவு என்பேன். கிடங்குக்கும் மைதானத்துக்கும் இடையிலுள்ள யூட்டா தெரு ஆட்ட நாளில் அரங்கத்தின் பகுதியாகிவிடுகிறது. அங்கே விழுந்த ஹோம் ரன் பந்துகள் ஒவ்வொன்றுக்கும் தரையில் வெண்கல முத்திரை பதித்திருக்கிறார்கள். ஆட்டத்தின்போது கிடங்கின் சுவரை இதுவரை யாரும் தொட்டதில்லை. 1993-இல் ஹோம் ரன் போட்டியில் கென் கிரிஃபி ஜூனியர் அடித்தது மட்டும் அதில் பட்டது.

1995 செப்டம்பர் 6 அன்று ஊரின் ஓரியோல்ஸ் அணி வீரர் கால் ரிப்கன் தொடர்ந்து 2,131-ஆவது ஆட்டத்தில் ஆடி லூ கெரிக்கின் சாதனையைக் கடந்தபோது, அந்தக் கிடங்கின் மேல்தான் எண் பலகை மாறியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரல் 29 அன்று, நகரத்தில் நடந்த கலவரங்களின் காரணமாக அதே அரங்கத்தில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் ஓர் ஆட்டம் நடந்தது. பெரிய லீகில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. ஓரியோல்ஸ் 8-2 என்று வென்றது, கைதட்ட ஆளில்லை. கட்டடத்தால் மட்டும் சூழல் உருவாவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

குறைகளும் உண்டு. இடப்புறத்துக்கு அப்பால் தெரிந்த நகரக் காட்சியை 2008-இல் எழுந்த ஒரு பெரிய ஹோட்டல் மறைத்துவிட்டது. அணி 115 ஆட்டங்களில் தோற்ற 2018 போன்ற பருவங்களில் இருக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தன. மேலும், இதைப் பார்த்து நாடு முழுவதும் இதே பாணியில் அரங்கங்கள் எழுந்துவிட்டதால், முதன்முறை வருபவருக்கு இதன் புதுமை உடனே உறைக்காது.

செலவில் இது ஐந்திலும் இலகுவானது. டிக்கெட் மலிவு, வெளியிலிருந்து உணவு கொண்டுவர அனுமதி உண்டு என்பதால் சைவ உணவுக்காரர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் நிம்மதி. வாஷிங்டனில் தங்கியிருப்பவர் வார நாளில் மார்க் ரயிலில் வந்து அரங்கத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். இரவு ஆட்டம் முடிந்தபின் திரும்ப ரயில் இருக்கிறதா என்பதை முன்னரே பார்த்துவிட வேண்டும்.

## பிஎன்சி பார்க், பிட்ஸ்பர்க்

கண்ணுக்கு விருந்து என்றால் இதுதான். 2001-இல் இது திறந்தபோது, அதுவரை அணி ஆடிவந்த வட்ட அரங்கமான த்ரீ ரிவர்ஸைவிட ஆயிரக்கணக்கான இருக்கைகள் குறைவாகவே வைத்தார்கள், அடுக்குகளும் இரண்டே. மைதானத்திலிருந்து மிக உயரமான இருக்கையே 88 அடியில் இருக்கிறது. மலிவான டிக்கெட் வாங்கி மேலே உட்கார்ந்தவருக்கும் பிட்சரின் பிடி ஓரளவு தெரியும், நிமிர்ந்தால் அலெகேனி ஆறும் அதன் மீது மஞ்சள் பாலமும் அதற்கு அப்பால் நகரத்தின் கோபுரங்களும் தெரியும். மாலை ஆட்டத்தில் அந்தக் கட்டடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறுவதைப் பார்ப்பதற்கே மேல்தளத்தின் மூன்றாம் பேஸ் பக்கத்தில் இடம் பிடிக்கச் சொல்வேன். பணத்தை அதிகமாகக் கொட்டிக் கீழே உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி பாதிதான்.

பாலத்துக்கு, ஊரின் பைரேட்ஸ் அணி வீரர் ரோபெர்ட்டோ கிளெமென்டேயின் பெயர். 1972 இறுதியில் நிலநடுக்க நிவாரணப் பொருட்களோடு நிகராகுவாவுக்குப் புறப்பட்ட விமானம் விழுந்து இறந்த அந்த வீரரின் சட்டை எண் 21. வலப்புற வேலியின் உயரமும் 21 அடி. ஆட்ட நாளில் பாலத்தில் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். நகரத்தின் மையத்திலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக ஆற்றைக் கடந்து நடந்து வருவதே இங்கே அனுபவத்தின் பாதி.

மீதிப் பாதி அணியைப் பொறுத்தது, அங்கேதான் சிக்கல். 1993 முதல் 2012 வரை பைரேட்ஸ் இருபது பருவங்கள் தொடர்ந்து வெற்றிகளைவிட அதிகமாகத் தோல்விகளைச் சந்தித்தது. அழகான அரங்கம் பல இரவுகளில் பாதி காலியாக இருந்தது. பிறகு 2013 அக்டோபர் 1 அன்று, ஒரே ஆட்டத்தில் முடிவாகும் நாக் அவுட் சுற்று இங்கே வந்தது. கறுப்பு உடையில் நாற்பதாயிரம் பேர் திரண்டு, எதிரணி பிட்சர் ஜானி குவெட்டோவின் பெயரை நீட்டி இழுத்து ஒரே குரலில் ஓதினார்கள். பந்தை வைத்துக்கொண்டு நின்ற குவெட்டோவின் கையிலிருந்து அது நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த பந்தை ரஸல் மார்ட்டின் ஹோம் ரன்னாக அடித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அமைதியாக இருந்த அதே கல்லும் அதே எஃகும்தான், அன்று மட்டும் வேறு அரங்கம் ஆயிற்று. அண்மை ஆண்டுகளிலோ அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கி ரசிகர்கள் கோஷம் போடுகிறார்கள்.

ஆகவே இங்கே நாள் பார்த்துப் போக வேண்டும். 2024-இல் அறிமுகமான பால் ஸ்கீன்ஸ் பந்து வீசும் நாளில் அரங்கத்தின் முகமே மாறிவிடுகிறது; தொடக்க பிட்சர்கள் ஐந்தாறு நாள்களுக்கு ஒருமுறையே வீசுவார்கள் என்பதால், அணிகள் முன்கூட்டி அறிவிக்கும் பிட்சர் பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குவது அறிவுடைமை. டிக்கெட் மலிவாக இருந்தாலும், பெருநகரங்களிலிருந்து பிட்ஸ்பர்க் வருவதற்கான விமானக் கட்டணத்தையும் ஓர் இரவு விடுதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த மலிவு கரைந்துவிடும்.

## ஆரக்கிள் பார்க், சான் பிரான்சிஸ்கோ

வலப்புற வேலி 309 அடியில். உயரம் 24 அடி, ஊரின் ஜயன்ட்ஸ் அணி வீரர் வில்லி மேஸின் சட்டை எண்ணுக்காக. அதற்கு அப்பால் நேராகக் கடல்நீர். அதே அணியின் பாரி பாண்ட்ஸ் அந்தத் தண்ணீருக்குள் அடித்த பந்துகள் 35; அவற்றை எடுக்கப் படகுகளில் ஆட்கள் மிதந்துகொண்டிருப்பார்கள். டிக்கெட் இல்லாதவர்களும் வலப்புறச் சுவரின் வளைவுகள் வழியே கம்பிவலைக்கு வெளியே நின்று சில இன்னிங்ஸ் இலவசமாகப் பார்க்கலாம். இது அபூர்வமான தாராளம்.

வளைகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் ஏராளமான தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் யோசிக்கவே வேண்டாம்: கால்ட்ரெய்னில் ஏறினால் அரங்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கடைசி நிலையம். கோடையில் மழையால் ஆட்டம் நிற்கும் பயமும் ஏறத்தாழ இல்லை. ஆனால் ஜூலை மாத இரவில்கூட கம்பளிச் சட்டை வேண்டும். சான் ஹோசேயின் வெயிலிலிருந்து அரைக்கைச் சட்டையோடு கிளம்பி வருபவர்கள், ஆறாவது இன்னிங்ஸில் அணிக் கடையில் பெரும் விலை கொடுத்து ஸ்வெட்டர் வாங்குவதுதான் இந்த அரங்கத்தின் நிஜமான மறைமுகக் கட்டணம்.

## பட்டியலில் சேராத இரண்டு

லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியம் 56,000 பேருக்கு இடமுள்ளது; மலைகள் தெரியும் அழகான இடம். ஆனால் நாலாபக்கமும் கார் நிறுத்துமிடம். காரில் வந்து, நெரிசலில் தாமதமாக நுழைந்து, நெரிசலுக்குப் பயந்து முன்கூட்டியே கிளம்பும் பழக்கம் அந்த அமைப்பிலிருந்தே வருகிறது. 1962-இல் திறந்த அந்த அரங்கத்தின் மண், மெக்சிக வம்சாவளிக் குடும்பங்களைக் குடிபெயர்த்துக் காலியாக்கிய சாவேஸ் ரவீன் என்பதையும் ஊர் மறக்கவில்லை. யூனியன் ஸ்டேஷனிலிருந்து டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பேருந்து உண்டு. போக நேர்ந்தால் அதில் போங்கள்.

நியூயார்க்கில் 2009-இல் திறந்த யாங்கீ ஸ்டேடியத்தில், ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலுள்ள மிக விலையுயர்ந்த பகுதியை ஒரு கான்கிரீட் தடுப்பு மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. முதல் ஆண்டில் முன்வரிசைக்கு 2,500 டாலர் வரை கேட்டார்கள்; டிவியில் மைதானத்துக்கு மிக அருகில் தெரிந்தது காலி இருக்கைகள்தான். ஆரவாரம் செய்யும் ரசிகர்களைத் தூரத்திலும், செய்யாத ரசிகர்களை அருகிலும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

## டிக்கெட் விலையில் தெரியாதவை

மழை முதலாவது. போதுமான இன்னிங்ஸ் முடியாமல் மழை நிறுத்திவிட்டால் ஆட்டம் வேறொரு நாளுக்குத் தள்ளிப்போகும், டிக்கெட்டும் அந்த நாளுக்குத்தான் செல்லும். மறுநாள் விமானம் ஏற இருப்பவருக்கு அதனால் பயனில்லை. பாஸ்டன், பால்டிமோர், பிட்ஸ்பர்க், சிகாகோ நான்கிலும் கோடை இடிமழை சாதாரணம். பயணத்தின் கடைசி இரவில் ஆட்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

விலை, எதிரணியையும் கிழமையையும் பொறுத்து ஏறி இறங்கும். பள்ளி திறந்திருக்கும் மே மாதத்து செவ்வாய்க்கிழமை இரவையும் ஜூலை சனிக்கிழமையையும் ஒப்பிட்டால் ஒரே இருக்கைக்கு வேறு வேறு அரங்கம் போன்ற விலை இருக்கும். ஆனால் வெறிச்சோடிய செவ்வாய்க்கிழமையில் மிச்சப்படுத்திய பணத்துக்கு ஈடாக ஆரவாரத்தை இழந்திருப்பீர்கள்.

நேரமும் மாறிவிட்டது. பிட்சர் பந்தை வீச நேரவரம்புக் கடிகாரம் வைத்த 2023 முதல், அதற்கு முந்தைய ஆண்டில் மூன்று மணி நேரத்தைத் தாண்டியிருந்த சராசரி ஆட்டம் 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. உணவுக்காக வரிசையில் நின்றால் ஒரு முழு இன்னிங்ஸும் போய்விடும். உட்காரும் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், அல்லது ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள்.

## யாருக்கு எது?

அணி, வீரர் எவரையும் தெரியாமல் முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர் என்றால் பிஎன்சி பார்க்கைச் சொல்வேன். ஆட்டம் புரியாவிட்டாலும் மாலை வீணாகாது, புரியத் தொடங்கிவிட்டால் பார்வைக்குத் தடையும் இல்லை. ஏற்கெனவே பேஸ்பால் பிடித்துப்போனவர் ஃபென்வேக்குப் போகட்டும். அந்தச் சுவர் எதற்கு அங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அதில் மோதித் திரும்பும் பந்தின் சுவை. இளைஞர் கூட்டமாகப் போகிறவர்களுக்கு ரிக்லியின் திறந்த கேலரி, குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு கேம்டன் யார்ட்ஸ், கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஆரக்கிள் பார்க்கின் மதிய ஆட்டம்.

ஐந்தில் ஒன்றையே தேர்ந்தெடு என்று என்னை நெருக்கினால், கிழக்குக் கரையில் இருக்கும்வரை ஃபென்வேயையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: மூன்றாம் பேஸ் பக்கம், தூண்களுக்கு முன்னால், டிக்கெட் வரைபடத்தில் பார்வை மறைவுக் குறிப்பில்லாத வரிசை. அந்த வரிசையின் விலை கைக்கு எட்டவில்லையென்றால், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பெருமைப்படுவதைவிட அதே பணத்தில் பிட்ஸ்பர்க்கின் மேல்தளத்தில் இரண்டு ஆட்டங்கள் பார்ப்பது மேல்.